பார்ட்டிஷனில் புதிய கோப்பு முறைமை அமைத்தல்: கட்டளை வரிக்குப் புதியவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

கடையில் வாங்கிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கணினியில் செருகியவுடன் அதில் படங்களையும் கணக்குகளையும் போட்டுவிட முடிகிறது. தயாரித்தவரே அதற்கு முன்பு ஒரு வேலையைச் செய்து அனுப்பியிருப்பதால்தான் அது நடக்கிறது. அந்த வேலைக்குக் கோப்பு முறைமை அமைத்தல் என்று பெயர். பேச்சு வழக்கில் ஃபார்மட் செய்வது என்போம். தயாரிப்பாளர் அமைத்துக் கொடுத்த முறைமை நம் தேவைக்குப் பொருந்தாதபோதும், பழைய வட்டு ஒன்றைத் துடைத்துவிட்டு வேறு வேலைக்கு எடுக்கும்போதும், அதே வேலையை நாமே செய்ய வேண்டியிருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கு ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் அந்தக் கட்டளையைத் தட்டுவதற்கு முன்பு செய்யும் இரண்டு முடிவுகளில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது: எந்தப் பார்ட்டிஷன் (வட்டில் தனியாகப் பிரித்த பகுதி), எந்த வகை முறைமை. ஆகவே இந்தக் கட்டுரையிலும் கட்டளையைவிட அந்த முடிவுகளுக்கே அதிக இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

தமிழக அரசு 2011ஆம் ஆண்டு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அப்படி ஒரு மடிக்கணினி தொண்டியிலோ தங்கச்சிமடத்திலோ உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், பழகிப் பார்க்க அதுவே போதும். பாஸ் லினக்ஸ் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது என்பதால், இங்கே சொல்லப்படும் கட்டளைகள் அதிலும், உபுண்டுவிலும், டெபியனிலும் பெரும்பாலும் ஒரேபோல வேலை செய்யும். கட்டளைகளின் எழுத்துகளைத் தமிழில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன்; கட்டளை தட்டும் திரையான டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகத் தட்ட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்கிறேன்.

கோப்பு முறைமை என்ன செய்கிறது

வாலிநோக்கம் பக்கம் உப்பளம் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வேலியடைத்த வெற்று நிலம் உப்பளம் ஆகிவிடுவதில்லை. வரப்புப் போட்டு, பாத்தி பிரித்து, எந்தப் பாத்தி நிறைந்திருக்கிறது, எது காலி என்று கணக்கு வைத்த பிறகே அங்கே உப்பு விளைவிக்க முடியும். பார்ட்டிஷன் என்பது வட்டின் மீது போட்ட வேலி மட்டுமே. அதற்குள் வரப்பையும் பாத்தியையும் கணக்கையும் உண்டாக்குவது கோப்பு முறைமை.

லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஈஎக்ஸ்டி4 முறைமையை எடுத்துக்கொள்வோம். அது பார்ட்டிஷனை வழக்கமாக 4096 பைட் அளவுள்ள பிளாக்குகளாகப் பிரிக்கிறது. 32,768 பிளாக்குகள் சேர்ந்தது ஒரு தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் எந்தப் பிளாக் காலி, எது நிரம்பியது என்று காட்டும் குறிப்பு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற சிறு பதிவேடு ஒன்று ஒதுக்கப்படுகிறது. அந்தக் கோப்பின் உரிமையாளர் யார், அளவு என்ன, கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, அதன் உள்ளடக்கம் எந்தெந்தப் பிளாக்குகளில் கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். கோப்பின் பெயர் மட்டும் ஐநோடில் இருப்பதில்லை. அது கோப்புறையில், ஐநோடின் எண்ணுக்கு எதிரே எழுதப்பட்டிருக்கும். இவை அனைத்துக்கும் மேலாக, முறைமையின் வகை, மொத்த அளவு, பிளாக்கின் அளவு ஆகியவற்றைச் சொல்லும் சூப்பர்பிளாக் என்ற பகுதி பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 1024ஆம் பைட்டில் அமர்ந்திருக்கிறது.

இதிலிருந்து ஒன்று புலப்படும். புதிய முறைமை அமைக்கும்போது கணினி வட்டு முழுவதையும் அழித்து எழுதுவதில்லை. மேலே சொன்ன கணக்குப் பகுதிகளை மட்டும் புதிதாக எழுதுகிறது. ஒரு டெராபைட் வட்டில்கூட வேலை சில விநாடிகளில் முடிந்துவிடுவது அதனால்தான். பழைய படங்களின் பைட்டுகள் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும், அவை எங்கே என்று சொல்லும் கணக்குதான் போய்விடும். எஸ்எஸ்டி வகை வட்டில் நிலைமை வேறு. ஈஎக்ஸ்டி4 அமைக்கும் கட்டளை, வட்டு அனுமதித்தால், பார்ட்டிஷன் முழுவதும் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்கு முதலிலேயே அறிவித்துவிடுகிறது. அதன் பிறகு பழைய தரவைத் தேடி எடுப்பது பெரும்பாலும் நடக்காது.

எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது

அந்த வட்டை நாளை எந்தக் கருவியில் செருகப் போகிறோம் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. வேகம், நவீனம் என்பவையெல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

லினக்ஸ் கணினியிலேயே நிரந்தரமாக இருக்கப் போகும் வட்டுக்கு ஈஎக்ஸ்டி4 போதும். 2008ஆம் ஆண்டு இறுதியில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் நிலையான நிலைக்கு வந்த இதில் ஜர்னல் என்ற ஏற்பாடு உண்டு. கணக்குப் பகுதியில் செய்யப் போகும் மாற்றத்தை முதலில் ஜர்னலில் எழுதி, பிறகே உரிய இடத்தில் எழுதுவதால், நடுவில் மின்சாரம் போனாலும் அடுத்த முறை கணினி எழும்போது கணக்கு நேராகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த நேரத்தில் மின்சாரம் நிற்கும் என்று சொல்ல முடியாத நம் கரையில் இது சிறிய வசதி அல்ல. ஆயினும் வழக்கமான அமைப்பில் ஜர்னல் காப்பது கணக்கைத்தான்; அந்த நொடியில் பாதி எழுதப்பட்டிருந்த கோப்பின் உள்ளடக்கம் முழுமையாக இருக்கும் என்று அது உறுதி தருவதில்லை. யுபிஎஸ் வாங்குவதைத் தள்ளிப்போடுபவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது.

ஈஎக்ஸ்டி4 வட்டை விண்டோஸ் தானாகப் படிக்காது. இராமநாதபுரத்தில் ஒரு பிரிண்டிங் கடைக்கு அதை எடுத்துச் சென்று செருகினால், இந்த வட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்யுங்கள் என்று விண்டோஸ் கேட்கும். கடைக்காரர் நல்லெண்ணத்தோடு சரி என்று அழுத்தினால் போதும், எல்லாம் போயிற்று. ஊர் சுற்றும் வட்டுக்கு எக்ஸ்ஃபேட் ஏற்றது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் அதைப் படித்து எழுதும். மைக்ரோசாஃப்ட் 2006ஆம் ஆண்டு கொண்டுவந்த இந்த முறைமைக்கு 2020ஆம் ஆண்டின் 5.7 கெர்னல் முதல் லினக்ஸில் நல்ல ஆதரவு இருக்கிறது. அதில் ஜர்னல் இல்லை. முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்கினால் அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

படகுகளில் உள்ள ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் போன்ற கருவிகளின் மெமரி கார்டுக்குப் பழைய ஃபேட்32 இன்னும் தேவைப்படுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, இந்தக் கார்டுகளை எடுத்துச் சுத்தம் செய்பவர்கள் கருவியின் மெனுவிலேயே ஃபார்மட் என்ற வசதி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் அதைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. கார்டில் குறித்து வைத்த மீன்பிடி இடங்களின் புள்ளிகளை அதற்கு முன்பு வேறு இடத்தில் படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் படகுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஃபேட்32இன் பெரிய குறை, 4 ஜிபி அளவை எட்டும் ஒரே கோப்பை அது ஏற்காது என்பது. கீழக்கரைக் கல்யாண வீடியோ ஒன்றை எடிட் செய்து ஒரே கோப்பாக்கி 64 ஜிபி பென் டிரைவில் போடும்போது, இடம் தாராளமாக இருந்தும் ஏறவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

என்டிஎஃப்எஸ் விண்டோஸுக்கே உரியது. லினக்ஸிலிருந்து புதிதாக அதை அமைக்க வேண்டிய தேவை அபூர்வம் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

சரியான பார்ட்டிஷனைக் கண்டறிதல்

லினக்ஸ் ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு பெயர் கொடுக்கிறது. முதல் வட்டு எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி, அதற்கடுத்தது எஸ்டிசி. எஸ்டிபி வட்டின் முதல் பார்ட்டிஷன் எஸ்டிபி1 ஆகும். இவை அனைத்தும் டெவ் என்ற கோப்புறைக்குள் இருக்கின்றன. எண் இல்லாத பெயர் முழு வட்டையும், எண் உள்ள பெயர் ஒரு பார்ட்டிஷனையும் குறிக்கும். புதிய மடிக்கணினிகளின் என்விஎம்இ வட்டுகளுக்கும் மெமரி கார்டுகளுக்கும் பெயர் சற்று நீளமாக இருக்கும். அங்கே பார்ட்டிஷன் எண்ணுக்கு முன்னால் பி என்ற எழுத்து வரும்.

வட்டைச் செருகுவதற்கு முன்பு ஒருமுறையும், செருகிய பின்பு ஒருமுறையும் இந்தக் கட்டளையைத் தட்டிப் பாருங்கள்:

எல்எஸ்பிஎல்கே -எஃப்

முதல் முறை இல்லாமல் இரண்டாம் முறை புதிதாக வந்து நிற்கும் பெயரே நீங்கள் செருகிய வட்டு. அதில் ஏற்கெனவே ஏதேனும் முறைமை இருந்தால் அதன் வகையும், பெயரும், யுயுஐடி என்ற நீண்ட அடையாள எண்ணும் பக்கத்திலேயே தெரியும். சிறுகோடும் எஃப் எழுத்தும் இல்லாமல் தட்டினால் அளவைக் காட்டும். கடையில் 1 டெராபைட் என்று விற்ற வட்டு இங்கே 931 ஜி என்று தெரிவதைக் கண்டு கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம். பெட்டியின் மேல் எழுதியிருப்பது ஒரு லட்சம் கோடி பைட் என்ற கணக்கு. கட்டளை 1024ஆல் வகுத்துக்கொண்டே போகிறது. இரண்டும் ஒரே அளவுதான்.

அளவு பொருந்துகிறது, வகை பொருந்துகிறது என்று பார்த்த பிறகும், பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போய் வந்து கட்டளையைத் தட்டுவது ஆபத்தானது. எஸ்டிபி, எஸ்டிசி என்பவை நிலையான பெயர்கள் அல்ல. கணினி எழும் ஒவ்வொரு முறையும், வட்டுகளைக் கண்டுபிடித்த வரிசைக்கு ஏற்ப அவை மாறலாம். கடற்கரையில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உப்புக்காற்றில் களிம்பேறிய யுஎஸ்பி முனை ஒரு நொடி தொடர்பு விட்டு மீண்டும் பிடித்தால், பழைய பெயரை மவுண்ட் (வட்டை ஒரு கோப்புறையோடு இணைத்திருக்கும் ஏற்பாடு) இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் நிலையில், எஸ்டிபியாக இருந்த வட்டு எஸ்டிசியாகத் திரும்பி வரும். ஆகவே எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கடைசி நொடியில் மறுபடியும் தட்டி, அதற்கு அடுத்த வரியிலேயே முறைமை அமைக்கும் கட்டளையைத் தட்டுவது நல்ல பழக்கம். முனைகளை அவ்வப்போது துடைத்து வைப்பதும்தான்.

வட்டில் பார்ட்டிஷனே இல்லையென்றால் எஃப்டிஸ்க் கட்டளையால் அதை முதலில் உண்டாக்க வேண்டும். அந்தக் கட்டளையில் வட்டின் பெயரைக் கொடுத்துத் திறந்து, ஜி என்று தட்டி ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணையைப் போட்டு, என் என்று தட்டிப் பார்ட்டிஷனை உருவாக்கி, டபிள்யூ என்று தட்டி எழுதிவிடலாம். டபிள்யூ தட்டும் வரை எதுவும் வட்டில் எழுதப்படுவதில்லை. ஜி தட்டினால் பழைய அட்டவணை முழுவதும் போய்விடும் என்பதால், வெற்று வட்டில் மட்டுமே அதைச் செய்ய வேண்டும். எக்ஸ்ஃபேட் அமைக்கப் போகிறீர்கள் என்றால், பார்ட்டிஷனின் வகையை மைக்ரோசாஃப்ட் பேசிக் டேட்டா என்று டி கட்டளையால் மாற்றிவிடுங்கள். முறைமை அமைக்கும் கட்டளை அந்தக் குறியைத் தொடுவதில்லை. லினக்ஸ் என்ற குறியோடு விட்டால், உள்ளே சரியான எக்ஸ்ஃபேட் இருந்தும் விண்டோஸ் அதற்கு எழுத்துப் பெயர் கொடுக்காமல் விட்டுவிடக்கூடும்.

கட்டளை

பார்ட்டிஷன் தானாக மவுண்ட் ஆகியிருந்தால் முதலில் அதை விடுவிக்க வேண்டும். அதற்கான யுமவுண்ட் கட்டளையில் யு எழுத்துக்குப் பின் நேரே மவுண்ட் வரும். இடையில் என் எழுத்து கிடையாது. வரியின் தொடக்கத்தில் வரும் சூடோ, கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது.

சூடோ யுமவுண்ட் /டெவ்/எஸ்டிபி1

சூடோ எம்கேஎஃப்எஸ்.ஈஎக்ஸ்டி4 -எல் மண்டபம் /டெவ்/எஸ்டிபி1

இரண்டாம் வரியில் எல் என்பது பெரிய எழுத்து. அதற்குப் பின் வருவது வட்டுக்கு நாம் வைக்கும் பெயர். ஈஎக்ஸ்டி4இல் அந்தப் பெயருக்கு 16 பைட் மட்டுமே இடம். ஆங்கில எழுத்துகளில் மண்டபம் என்று எழுதினால் 8 பைட் ஆகிறது. தமிழில் எழுதவும் தடையில்லை, ஆனால் யூனிகோடில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கிறது. புள்ளியும் கொம்பும் தனிக் குறிகளாக எண்ணப்படும். கடல் என்பது 12 பைட்டில் அடங்கிவிடும். பாம்பன் 21 பைட் ஆகிறது, அடங்காது. பெயர் வைப்பதைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே அளவுள்ள இரண்டு வட்டுகள் மேசையில் இருக்கும்போது அதுதான் உதவும்.

எம்கேஎஃப்எஸ் கட்டளைக்குச் சில காவல்கள் உண்டு. மவுண்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷனில் முறைமை அமைக்க அது மறுத்துவிடும். பழைய முறைமை ஒன்று உள்ளே இருந்தால், அதன் வகையைச் சொல்லி, தொடரலாமா என்று கேட்கும். 1 என்ற எண்ணை மறந்து முழு வட்டின் பெயரைத் தட்டினாலும், அங்கே பார்ட்டிஷன் அட்டவணை இருப்பதைக் கண்டு கேட்கும். இந்தக் கேள்வி வரும் இடத்தில் ஒய் தட்டுவதற்கு முன் திரையில் இருப்பதை முழுவதும் படிக்க வேண்டும். இன்னும் தயக்கம் இருந்தால் கட்டளையில் -என் என்று சேர்த்துத் தட்டலாம். அப்போது என்ன செய்யும் என்று சொல்லிக் காட்டுமே தவிர, எதையும் எழுதாது. சிறுகோடும் பெரிய எஃப் எழுத்தும் சேர்த்துக் கட்டாயப்படுத்தச் சொல்லும் அறிவுரைகளை ஈஎக்ஸ்டி4 விஷயத்தில் புதியவர்கள் கேட்காமலிருப்பது நலம்.

மற்ற வகைகளுக்கு:

சூடோ எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்ஃபேட் -என் கடல் /டெவ்/எஸ்டிபி1

சூடோ எம்கேஎஃப்எஸ்.விஃபேட் -எஃப் 32 -என் படகு /டெவ்/எஸ்டிபி1

எக்ஸ்ஃபேட் வரி வேலை செய்யாவிட்டால் எக்ஸ்ஃபேட்ப்ராக்ஸ் என்ற தொகுப்பையும், விஃபேட் வரி வேலை செய்யாவிட்டால் டாஸ்எஃப்எஸ்டூல்ஸ் என்ற தொகுப்பையும் நிறுவிக்கொள்ள வேண்டும். விஃபேட் வரியில் எஃப் பெரிய எழுத்து. இரண்டு வரிகளிலும் -என் என்பது பெயருக்கானது. ஈஎக்ஸ்டி4இல் அதே -என் எதையும் எழுதாதே என்று பொருள்படுவது குழப்பம்தான், ஆனால் அதை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை. விண்டோஸின் ஃபார்மட் பெட்டி நெடுங்காலம் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 அமைக்க விடவில்லை. லினக்ஸின் கட்டளைக்கு அந்த வரம்பு இல்லை.

இடம் எங்கே போனது

ஒரு டெராபைட் பார்ட்டிஷனில் ஈஎக்ஸ்டி4 அமைத்து, ஒரு கோப்பைக்கூடப் போடாமல் மீதி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையில் பார்த்தால், எதிர்பார்த்ததைவிடக் கணிசமான இடம் குறைந்திருக்கும். அதற்குக் காரணங்கள் இரண்டு.

வழக்கமான அமைப்பில், 16,384 பைட் இடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஐநோடுகள் முன்கூட்டியே ஒதுக்கப்படுகின்றன. ஒரு டெராபைட்டுக்கு அது 6 கோடியே 10 லட்சம் ஐநோடு. ஒன்றுக்கு 256 பைட் வீதம், ஏறத்தாழ 15.6 ஜிபி அதற்கே போய்விடுகிறது. கல்யாண வீடியோக்களும் கடலடிப் படப்பிடிப்புகளும் மட்டுமே வைக்கப் போகும் வட்டுக்கு இத்தனை கோடி கோப்புகள் தேவையில்லை. கட்டளையில் -டி லார்ஜ்ஃபைல் என்று சேர்த்தால் (டி பெரிய எழுத்து), ஒரு மெகாபைட்டுக்கு ஒரு ஐநோடு என்றாகி, அந்த 15.6 ஜிபி கால் ஜிபி அளவுக்குச் சுருங்கிவிடும். சிறு சிறு கோப்புகள் லட்சக்கணக்கில் சேரும் அலுவலகக் கணினிக்கு இதைச் செய்யக் கூடாது. ஐநோடு தீர்ந்துவிட்டால், இடம் மீதமிருந்தும் புதிய கோப்பு உண்டாக்க முடியாது. ஐநோடுகளின் விகிதத்தைப் பிறகு மாற்ற வேண்டுமானால் மறுபடியும் முறைமை அமைப்பதைத் தவிர வழியில்லை.

இரண்டாவது காரணம், மொத்த இடத்தில் 5 விழுக்காட்டை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென்று ஒதுக்கிவைக்கும் வழக்கம். இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷனில், வட்டு நிரம்பினாலும் கணினி முடங்கிப்போகாமலிருக்க அது தேவை. படங்கள் மட்டும் வைக்கும் வெளிவட்டில் 50 ஜிபியை அப்படிப் பூட்டிவைப்பதில் பயன் மிகக் குறைவு. -எம் 1 என்று சேர்த்தால் அது 1 விழுக்காடாகக் குறையும். மறந்துவிட்டாலும் டியூன்2எஃப்எஸ் கட்டளையால் பின்னால் குறைத்துக்கொள்ளலாம்.

அமைத்த பிறகு

புதிய முறைமையைப் பயன்படுத்த, அதை ஒரு கோப்புறையோடு இணைக்க வேண்டும்.

சூடோ எம்கேடிர் /எம்என்டி/படங்கள்

சூடோ மவுண்ட் /டெவ்/எஸ்டிபி1 /எம்என்டி/படங்கள்

உள்ளே லாஸ்ட்+ஃபவுண்ட் என்ற கோப்புறை மட்டும் இருக்கும். சோதனையின்போது சிதறிக் கிடைக்கும் துண்டுகளை வைப்பதற்கான இடம் அது, அழிக்க வேண்டாம். இந்த நிலையில் ஒரு கோப்பை இழுத்துப் போட்டால் அனுமதி மறுக்கப்பட்டது என்று வரும். முறைமை அமைத்தது தவறாகப் போய்விட்டதோ என்று எண்ணிப் பலர் மீண்டும் ஃபார்மட் செய்கிறார்கள். அது தேவையில்லை. சூடோவால் அமைத்ததால் புதிய ஈஎக்ஸ்டி4இன் மேல்மட்டக் கோப்புறை ரூட் பயனருக்குச் சொந்தமாக இருக்கிறது, அவ்வளவுதான். சிஹெச்ஓன் கட்டளையால் அந்தக் கோப்புறையை உங்கள் பயனர் பெயருக்கு ஒருமுறை மாற்றிக் கொடுத்தால், அந்த உரிமை வட்டிலேயே பதிந்துவிடும். எக்ஸ்ஃபேட்டிலும் ஃபேட்32இலும் உரிமையாளர் என்ற பதிவே இல்லை என்பதால் அங்கே மவுண்ட் செய்யும்போதே பயனரைச் சொல்ல வேண்டும். டெஸ்க்டாப்பில் வட்டின் மேல் சொடுக்கித் திறந்தால் அது தானாக நடந்துவிடும்.

முதல்முறை மவுண்ட் செய்த பிறகு, நீங்கள் எதுவும் செய்யாதபோதும் வட்டின் விளக்கு சிறிது நேரம் கண்சிமிட்டிக்கொண்டிருக்கலாம். ஐநோடு அட்டவணைகளை வெறுமையாக்கும் வேலையை எம்கேஎஃப்எஸ் கட்டளை பின்னால் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒத்திவைத்திருக்கிறது. அதைக் கெர்னல் இப்போது செய்து முடிக்கிறது.

கணினி எழும்போதெல்லாம் வட்டு தானாக இணைய வேண்டுமென்றால், தானாக இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதில் எஸ்டிபி1 என்று எழுதாமல், பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யுயுஐடியை எழுதுங்கள்; பெயர் மாறினாலும் யுயுஐடி மாறாது. முறைமையைப் புதிதாக அமைத்தால் மட்டும் யுயுஐடியும் புதிதாகும் என்பதால், பழைய வரி இருந்தால் அதைத் திருத்த வேண்டும். அதே வரியில் நோஃபெயில் என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால், வட்டைக் கழற்றி வைத்திருக்கும் நாளில் கணினி ஒன்றரை நிமிடம் அதற்காகக் காத்திருந்துவிட்டு, அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும்.

வட்டைக் கழற்றும் முன் யுமவுண்ட் கட்டளை திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டும். படி எடுத்து முடிந்தது என்று திரை சொன்ன பிறகும், கடைசிப் பகுதி கணினியின் நினைவகத்திலேயே இருக்கக்கூடும். அதை வட்டில் எழுதி முடித்த பிறகே அந்தக் கட்டளை திரும்பும்.

தவறான பார்ட்டிஷனில் கட்டளையைத் தட்டிவிட்டால், அதில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் உடனே விடுவித்துவிட்டு, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகிய இலவசக் கருவிகளை வேறொரு வட்டிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் படங்கள் பெரும்பாலும் கிடைக்கும், பெயர்கள் கிடைக்காமல் போகலாம். முறைமை சரியாக இருந்து, மின்வெட்டிலோ தளர்ந்த முனையாலோ சூப்பர்பிளாக் மட்டும் சிதைந்து மவுண்ட் ஆக மறுத்தால், நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஈஎக்ஸ்டி4 அதன் படிகளை வேறு தொகுதிகளிலும் எழுதிவைத்திருக்கிறது. 4096 பைட் பிளாக்கில் முதல் படி 32,768ஆம் பிளாக்கில் இருக்கும், அடுத்தது 98,304இல். பார்ட்டிஷனை விடுவித்த நிலையில் இப்படித் தட்டினால், அந்தப் படியைக் கொண்டு முறைமை சோதிக்கப்பட்டுச் சரிசெய்யப்படும்:

சூடோ ஈ2எஃப்எஸ்சிகே -பி 32768 /டெவ்/எஸ்டிபி1